இறாலில் நாற்பது சதவீதம்

என் வீட்டுக்காரர் டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மணலியில் பெட்ரோல் லோடு ஏற்றிக்கொண்டு சேலம், ஓசூர் என்று கிளம்பினால் திரும்பி வர மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். நான் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே இறால் உரித்து மெஸ்களுக்குக் கொடுக்கிறேன். விடியற்காலையில் காசிமேடு மீன் துறைமுகத்தில் ஏலம் எடுப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து உரிப்பார்கள். பத்து மணிக்குள் சரக்கு போய்விடும்.

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். இந்த மனுஷன் லாரியை விட்டு இறங்கி வீட்டோடு இருக்க வேண்டும். ஸ்கூல் விழாவுக்கு அப்பா வருவாரா என்று கேட்பதையே பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். ஆனால் மெஸ் வியாபாரத்தில் வருவது அரிசிக்கும் ஃபீஸுக்கும் சரியாகப் போய்விடும். பெரிய வாடிக்கை ஒன்று நிலையாகக் கிடைத்தால்தான் அவர் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

அந்த நேரத்தில்தான் மணலிப் பக்கத்து கம்பெனி ஒன்றின் கேன்டீனிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்குள் சுத்தம் செய்த இறால் முப்பது கிலோ வேண்டும், சரியாக வந்தால் வாராவாரம் உங்களிடமே வாங்குகிறோம் என்றார். சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இதில் ஒரு புதுச் சிக்கல் இருந்தது, அது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. மெஸ்காரர்கள் இத்தனை கிலோ என்று கறாராகக் கேட்டதே இல்லை. "உரிச்சு எவ்ளோ வருதோ குடுக்கா" என்பார்கள். வந்ததைக் கொடுப்பேன். பத்து கிலோ வாங்கினால் தலையும் தோலும் போக ஆறு வரும் என்று என் கைக்குத் தெரியும். அதற்கு நாற்பது சதவீதம் கழிவு என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்.

அவருக்குச் சதவீதம் என்றால் உயிர். டேங்கரில் வழியில் ஆவியாகிப் போவதற்கு இவ்வளவு சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் டிரைவர் தலையில்தான் விடியும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எதையும் சதவீதத்தில்தான் சொல்வார். "இன்னிக்கு நீ அறுவது பர்சென்ட்டு கோவத்துல கீற" என்பார். மிச்ச நாற்பதும் அதைக் கேட்டதும் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனை எடுத்துத் தட்டினார்.

"முப்பதுக்கு நாப்பது பர்சென்ட்டு பன்னெண்டு. முப்பதும் பன்னெண்டும் நாப்பத்திரண்டு. நாப்பத்திரண்டு கிலோ எடுத்தா கரெக்டா பூடும்."

"பத்துமாய்யா?"

"போனே சொல்லுது மே. போன் பொய் சொல்லுமா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் நாற்பத்திரண்டு கிலோ எடுத்தோம். நல்ல சரக்கு. லோடு இல்லாததால் அவரும் கூடவே வந்து கூடையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். பெண்கள் வந்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே மளமளவென்று உரித்தார்கள். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. தராசில் வைத்தேன். இருபத்தைந்து கிலோவும் கொஞ்சமும்தான் இருந்தது.

அவர் தராசைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். ஐஸ் தண்ணீர் வடிந்ததால் குறைந்திருக்கும் என்றார். கடைசியில் உரித்த பெண்களின் பக்கம் அவர் கண் போனதும் எனக்கு நூறு சதவீதமும் ஏறிவிட்டது.

"அவங்களை இன்னாத்துக்குப் பாக்கற? என்னைப் பாரு. பத்து கிலோ வாங்கினா இன்னா வரும்?"

"ஆறு."

"இருவதுக்கு?"

"பன்னெண்டு."

"முப்பது வரணும்னா?"

விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனவர் ஐம்பதில் நின்றார். முகம் தொங்கிவிட்டது.

"நாப்பது போறது வாங்குற இறால்ல இருந்து மே. நான் குடுக்குற இறாலுக்குக் கணக்கு போட்டுட்டேன். டேங்கர்லயும் ஏத்துன அளவுலதான கழிப்பான்..." என்றார். பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட நேரம் இல்லை. இன்னும் எட்டு கிலோ வேண்டும். ஏலம் எப்போதோ முடிந்து கூடைகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

ரோட்டோரம் கூறு கட்டி விற்கும் அக்கா ஒருத்தியிடம் ஓடினேன். எங்கள் பக்கத்தில் கூறாக வைத்துத்தான் விற்பார்கள். அவள் ஒரு விலை சொல்ல, நாம் அதில் பாதி கேட்க, அவள் நம் குடும்பத்தையே இழுக்க, அப்புறம்தான் வியாபாரம். அந்த அக்காவிடம் நான் பேரம் பேசாமல் ஒரு நெத்திலிகூட வாங்கியதில்லை.

"இருக்கற இறால் எல்லாத்தையும் கட்டுக்கா. நீ சொல்ற விலை."

அவள் கட்டவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாமே, பேரம் பேசல? வூட்ல யாருக்குனா எதுனா ஆயிடுச்சா?"

ஒன்றும் இல்லை என்றால் நம்பவில்லை. கூறின் மேல் கோணியை இழுத்துப் போட்டு மூடிவிட்டு, சொன்னால்தான் சரக்கு என்றாள். இதென்னடா பேஜாராப் போச்சு என்று நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினேன். கேன்டீன், முப்பது கிலோ, போன் போட்ட கணக்கு, லாரியை விட்டு இறங்க வேண்டிய என் வீட்டுக்காரர். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"புருஷன் வூட்டோட இருக்கணும்னு இறால் வாங்கறியா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று தானே விலையைக் குறைத்து, மேலே இரண்டு கை அள்ளியும் போட்டாள். அந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

எல்லோரும் சேர்ந்து உரித்தோம். என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார், கொஞ்சம் உரித்தார், நிறையப் பிய்த்தார். முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. கேன்டீன் வாசலில் சூப்பர்வைசர் தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்துப் பார்த்தார். உள்ளே போய்த் திரும்பி வந்து, இனி புதனும் ஞாயிறும் கொண்டு வந்துவிடுங்கள் என்றார். சில்லறை விலைக்கு வாங்கிய எட்டு கிலோவில் அன்றைய லாபம் போயே போய்விட்டது. வரும் வழியில் என் வீட்டுக்காரர் அதைச் சைபர் பர்சென்ட்டு என்று சொல்லி வருத்தப்பட்டார். நான் ஆட்டோவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஆர்டர் ஒழுங்காகப் போன பிறகு லாரி முதலாளிக்குப் போன் போட்டார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். நான் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். வேலையை விடுகிறேன் என்றதும் முதலாளி, "சம்பளத்துல இருவது பர்சென்ட்டு சேத்துத் தரேன், இரு" என்றார்.

என் கை நின்றுவிட்டது. இருபது சதவீதம் சின்னத் தொகை இல்லை. சதவீதம் என்று கேட்டாலே இந்த மனுஷனுக்கு மனசு இளகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் கணக்குப் போடுகிற மாதிரி சுவரைப் பார்த்தார்.

"வேணாம் மொதலாளி," என்றார். "காலைல அம்பது கிலோ எடுக்கணும். அவ ஒண்டியா எப்படித் தூக்குவா?"

இத்தனை வருஷமாக நான் ஒண்டியாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிக் காட்ட வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.