இன்னும் பத்தொன்பதே வளைவு

மார்க்கெட்டிங் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், பகல் சாப்பாட்டுக்கு முன்னால். சிறுகடை நடத்துகிறவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு என்று நோட்டீஸ் பார்த்துப் போயிருந்தேன். சாப்பாட்டுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டதும் பஸ் ஏறிவிட்டேன். பின்னால் நடந்த அத்தனை அவமானத்துக்கும் அந்தச் சாப்பாடுதான் காரணம் என்று சொன்னால் சமைத்தவர் வருத்தப்படுவார். ஆனாலும் பாயசம் அவ்வளவு நன்றாக இருந்திருக்கக் கூடாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பத்து வருஷம் ரைட்டராக இருந்தவன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கூடை பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதுகிறவன். காக்கி அரை டவுசர், முழங்கால் வரை சாக்ஸ், கக்கத்தில் குடை. ஒரு நாள் மேனேஜர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்றார். பத்து வருஷமாக அதே கோழிதான். அன்றைக்கு என்னவோ ரோஷம் வந்துவிட்டது. "கோழிக்கு வேற எடம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கேட் வரைக்கும் கம்பீரமாக நடந்தேன். கேட்டைத் தாண்டியதும் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்குப் போகும் பாதையில் ஒற்றைக் கதவு ரூம் ஒன்று கிடைத்தது. காப்பிக்கொட்டை வறுக்கும் டிரம் ஒன்று, அரைக்கும் மிஷின் ஒன்று. காப்பித்தூள் கடை. என் மனைவி மிஷன் ஸ்கூல் டீச்சர். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் என் காக்கி டவுசரைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்க இஸ்திரி போட்டு, கதவோரம் ஆணியில் மாட்டிவைத்தாள்.

"எஸ்டேட் டிரைவர் வந்துட்டுப் போனாருங்க" என்றாள். "ஜூன் ஒண்ணாந் தேதி வரைக்கும் வேற ஆளு போட மாட்டாராமா மேனேஜர். மே மாசம் முடியட்டும். சீசன்ல ஓடாத கடை அப்புறம் எப்ப ஓடும்? ஓடலீனா டவுசரைப் போட்டுக்கிட்டுப் போயிருங்க."

அதாவது மேனேஜர் முன்னால் போய், ஐயா, கோழி திரும்பி வந்துவிட்டது என்று நிற்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் வரும்போதும் அந்த டவுசர் என்னைப் பார்க்கும். நான் பார்க்க மாட்டேன்.

இந்த நிலையில்தான் சேலத்து வகுப்பு. டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: மக்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் படுங்கள். ஒரு முறை பார்த்தால் மறந்துவிடுவார்கள். விடாமல் படுங்கள். அதுதான் மார்க்கெட்டிங். எனக்கு அது போதும் என்று பட்டது. பாயசமும் முடிந்தது. பஸ் அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மூளையில் மின்னல் வெட்டியது. மலைக்கு இருபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெரிய பாறை. வருகிறவன் கண்ணில் இருபது தடவை படலாம். தப்பவே முடியாது.

அந்தக் காலத்தில் பாறையில் எழுத யாரும் யாரையும் கேட்கவில்லை. கட்சிக்காரர்களும் மூல வைத்தியர்களும் எழுதியது போக மிச்சம் இருந்ததெல்லாம் பொதுச் சொத்து. எங்கள் ஊரில் பெயின்டர் ஒருவர்தான். அவருடைய முக்கியத் தொழில் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் கல்லுக்கு எழுத்து எழுதுவது. நான் விஷயத்தைச் சொல்லும் முன்பே அவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"எத்தன எழுதோணுங்க?"

"இருபது."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "இருபது பேருங்களா? பஸ்ஸு உருண்டுருச்சா?"

விளக்கிச் சொன்னேன். முதல் வளைவில் 'இன்னும் பத்தொன்பதே வளைவு', அடுத்ததில் 'இன்னும் பதினெட்டே வளைவு', இப்படியே இறங்கி, இருபதாவதில் 'வளைவு முடிந்தது' என்று முடிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'மணக்க மணக்கக் காப்பித்தூள், ஏரிக்கரைப் பாதை'. கருப்பு அடித்து வெள்ளை எழுத்து. ஏப்ரல் கடைசிக்குள் முடித்துவிட்டார். போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு எழுத்தும் அம்சமாக இருந்தது. அடியில் மட்டும் ஒரு மலர் வளையம் வரைந்திருந்தார்.

"இது எதுக்குங்க?"

"வளையம் இல்லாம எனக்கு எழுத்து நிக்காதுங்க" என்றார்.

சரி, பூ அழகுதானே என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் பிறந்தது. பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கியது. நான் கடை வாசலில் கொட்டையை வறுத்துக்கொண்டு, கூட்டம் வந்து மோதினால் சமாளிக்கக் கயிறு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வந்தது. வாசலில் 'மணக்க மணக்கக் காப்பித்தூள்' என்ற என் போர்டைப் பார்த்தது. முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்கில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நடந்தது. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் தற்செயலே நடந்தது. மூன்றாம் நாள் ஒரு குழந்தை போர்டைக் கண்டதும் அழுதது.

எனக்குப் பீதி பிடித்துவிட்டது. பீதி பிடித்தால் நான் சும்மா உட்கார மாட்டேன், அதுதான் என் குறை. முதலில் என் மேல்தான் நாற்றமோ என்று காலை ஒரு குளியல், மதியம் ஒரு குளியல். அப்புறம், வாசனை போதவில்லை போலிருக்கிறது என்று முறத்தை எடுத்து வறுத்த புகையைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக விசிறினேன். இறங்கினவர்கள் மறுபடியும் பஸ்ஸுக்குள் ஏறினார்கள். வகுப்பெடுத்தவர் டை கட்டியிருந்தாரே, அதுதான் ரகசியமோ என்று மனைவியின் ஸ்கூலிலிருந்து ஒரு டை எடுத்துவந்து கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அது எலாஸ்டிக் வைத்த டை. நெஞ்சுக்கு நடுவில் முடிந்துவிட்டது.

சாயங்காலம் மனைவி கடைப்பக்கம் வந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, இது மூணாங் கிளாஸ் டைங்க."

"தெரியும் டீச்சர்."

"அப்படின்னா சரிங்க" என்றாள். போகும்போது, "டவுசருக்கு இன்னொரு தடவ இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சேலம் பஸ் கண்டக்டர் கடைக்கு வந்தார். மே மாதத்தின் முதல் வாடிக்கையாளர் என்று எழுந்து நின்று கும்பிட்டேன். அவர் உட்காரவில்லை.

"ஏனுங்க ரைட்டர், உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"என்னங்க ஆச்சு?"

"பாறையில உங்க எழுத்து வந்ததுல இருந்து பஸ்ஸக் கழுவி மாளலீங்க. முந்தியெல்லாம் ட்ரிப்புக்கு நாலு பேரு வாந்தி எடுப்பாங்க. இப்ப நாலு பேருதான் எடுக்காம வர்றாங்க. அதுல ரெண்டு பேரு நானும் டிரைவரும்."

எனக்குப் புரியவில்லை. மலையில் பிறந்தவனுக்கு இது புரியாது. எங்களுக்கு வளைவு என்றால் டிரைவர் ஹாரன் அடிக்கும் இடம், அவ்வளவுதான். நான் எத்தனையோ முறை பஸ்ஸில் வந்திருக்கிறேன். எப்போதும் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டே வருவேன். பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. கீழ்நாட்டு ஜனங்கள் இறங்கும்போது வெளுத்திருப்பதை அவர்கள் நிறம் என்றே நினைத்திருந்தேன்.

"நம்பலீனா ஒரு ட்ரிப்பு பின்னாடி உக்காந்து வாங்க" என்றார் கண்டக்டர்.

போனேன். அடிவாரத்தில் ஏறி, பின் சீட்டுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பருமனான ஒரு மனிதர். துணிக்கடை வைத்திருக்கிறாராம், ஒரு வாரம் தங்கிப் பார்க்க வருகிறார்களாம். முன் சீட்டில் அவர் மனைவி, கையில் எலுமிச்சம்பழம். முதல் வளைவில் பஸ் திரும்பியது. என் பாறை வந்தது.

"இன்னும் பத்தொன்பதே வளைவு" என்று அவர் வாய்விட்டுப் படித்தார். "பத்தொம்பதா?"

"படிக்காதீங்க, முன்னாடி பாருங்க" என்றார் மனைவி.

ஆனால் எழுத்து அவ்வளவு பெரியது. படிக்காமல் இருக்க முடியாது. அதற்காகத்தானே எழுதினது. ஐந்தாம் வளைவில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஏழாம் வளைவில் 'மணக்க மணக்க' என்பதோடு நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னலோரம் இருந்தவர்களெல்லாம் வெளியே தலையை நீட்டியிருந்தார்கள். நீட்டின தலைக்கு நேராக என் விளம்பரம். ஒரு பாட்டியம்மா ஒவ்வொரு மலர் வளையத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இங்கயும் ஒருத்தரா, பாவம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"எவன்டா இவன் காப்பிக்காரன்" என்றார் துணிக்கடைக்காரர். "கையில கெடச்சான்னா அவன அவன் மிஷின்லயே போட்டு அரைப்பேன்."

"அரைக்கணுங்க. அவனெல்லாம் ஒரு மனுசனா" என்றேன்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். அவர் மேலும் ஏதாவது சொல்லட்டும் என்று, "பொண்டாட்டி புள்ள இருக்கறவன் செய்யற வேலையாங்க இது" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். வளைவு வளைவாக என்னை நானே திட்டிக்கொண்டு வந்ததில் வயிற்றில் ஏதோ புரண்டது. பதினாறாம் வளைவில், 'இன்னும் நாலே வளைவு' என்ற என் சொந்த எழுத்துக்கு எதிரே, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த நான், வாழ்நாளில் முதன்முறையாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

அந்த நல்ல மனிதர் என் முதுகைத் தடவிவிட்டார். மனைவியிடமிருந்து எலுமிச்சம்பழத்தை வாங்கி என் மூக்கடியில் வைத்தார்.

"உங்களுக்கும் அந்தக் காப்பிக்காரனாலயா?"

"அவனாலதாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி முழுசாகச் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அவரு எலுமிச்சம்பழம் குடுத்தப்ப எப்படி இருந்துச்சு?"

"உசுரு வந்துச்சு. அப்ப அவரு வேட்டி வித்திருந்தார்னா ஒம்பது வாங்கியிருப்பேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் உள்ளே போய் உப்பு நார்த்தங்காய் ஜாடியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

பெயின்டரிடம் போய் அழிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். "எழுதினத அழிக்கறது நம்ம தொழில்ல கெடையாதுங்க. ஆளே எந்திரிச்சு வந்தாலும் அழிக்க மாட்டேன்." ஆகவே நானே ஒரு தார் டின்னும் துடைப்பமுமாக இரண்டு நாள் வளைவு வளைவாக இறங்கிப் பூசினேன். போகிற வருகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் விசில் அடித்து உற்சாகப்படுத்தினார். கடைசி வளைவுப் பாறையை மட்டும் விட்டுவைத்து, பெயின்டர் கையாலேயே வேறு எழுத வைத்தேன்: 'வந்து சேர்ந்துட்டீங்க. பெஞ்சு போட்டிருக்குது. நார்த்தங்காய் சும்மா.' வளையம் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பதில் ஒரு புறா வரைந்தார்.

சர்ச்சில் கால் ஆடிக்கொண்டிருந்த பழைய பெஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டேன். பஸ் வரும் நேரத்தில் வறுப்பதில்லை. ஜனம் வந்தது, உட்கார்ந்தது, நார்த்தங்காயை வாயில் அதக்கியது, முகத்தில் ரத்தம் திரும்பியதும் எழுந்து ஏரிக்குப் போனது. ஒருவர் கூடக் காப்பித்தூள் கேட்கவில்லை. மூன்று நாளில் ஜாடி காலி. தூள் டின் அப்படியே இருந்தது. எனக்கு மறுபடியும் பீதி.

"ஊரே நம்ம ஊறுகாயத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போகுது" என்றேன்.

"வந்த ஒடனே எவனாச்சும் காப்பித்தூள் வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஏரியில படகுல போவானா?" என்றாள் மனைவி. "ஊட்டுக்குத் திரும்பறப்பத்தானே வாங்குவாங்க."

இதை அந்த டைக்காரர் மதியம் சொல்லியிருப்பார். பின்னாளில் அந்த வகுப்பில் கடைசி வரை இருந்த ஒருவரைச் சந்தித்தேன். மதியத் தலைப்பு, 'வருகிறவன் யார், எந்த நிலையில் வருகிறான்' என்பதாம். சாப்பாடு ரொம்பச் சுமார் என்றும் சொன்னார். அவர் பாயசம் வரும் முன் எழுந்துவிட்டவராக இருக்க வேண்டும்.

நாலாம் நாள் மத்தியானம், ஊர் திரும்பும் கூட்டம் பைகளோடு கடைக்கு முன்னால் நின்றது. "அன்னைக்கு ஊறுகா குடுத்தீங்கல்ல, ஊட்டுக்கு அரைக் கிலோ போடுங்க" என்றார் ஒருவர். அவர் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் துணிக்கடைக்காரர்.

அவர் என்னைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஆமாங்க."

"எங்கூடச் சேர்ந்து திட்டுனீங்களே."

"உங்களவிட நாந்தாங்க நல்லாத் திட்டுனேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பை குலுங்கச் சிரித்தார். மூன்று கிலோ வாங்கினார். ஊரில் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அதற்கப்புறம் வந்தவர்களில் பாதிப்பேர் தூள் கேட்பதற்கு முன், "மிஷின்ல போட்டு அரைக்கச் சொன்ன ஆளு நீங்கதானா?" என்று கேட்டார்கள். கண்டக்டர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். மலை இறங்கும்போது தூளின் வாசனை பஸ்ஸில் கிளம்பக் கூடாது. ஆகவே பிளாஸ்டிக் பையில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு பை, மேலே நூல். வாசனையை விற்கிறவன் வாசனை வெளியே போகாமல் காவல் காத்தது எங்கள் மலையில்தான் நடந்திருக்கும். ஏழாம் வளைவில் தார் சரியாகப் பிடிக்கவில்லை. மலர் வளையம் இன்னும் தெரிகிறது. பஸ்ஸில் போகும்போது நானும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

மே முப்பத்தொன்று. கடையைச் சாத்திவிட்டு, வியாபாரம் நன்றாகத்தான் போகிறது, ஆனால் போதும் என்று டீச்சர் சொல்வாளா என்ற யோசனையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். பழக்கப்படி டவுசரைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பினேன். ஏதோ குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

மூட்டை கட்டிவிட்டாளா, எஸ்டேட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளா, விடிந்தால் என்னை உள்ளே போட்டு நிறுத்தப்போகிறாளா.

"டீச்சர், டவுசர் எங்க?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "கத்திரிச்சுட்டேங்க."

"எதுக்கு?"

"உங்க பெஞ்சுல ஆணி நீட்டிக்கிட்டிருக்குது. மூணு பேரு சேலை கிழிஞ்சிருச்சு. மடிச்சுத் தெச்சு மெத்தையாட்டம் வெச்சிருக்கேன். காத்தாலக் கொண்டுபோய் அடிச்சுருங்க." கரண்டியால் எதையோ கிளறினாள். "கஞ்சி போட்ட துணி, நல்லா ஒழைக்கும்."