அனிசாவை அழைத்துவந்த சனிக்கிழமை

1996 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை அந்தியூரில் பஸ் ஏறினேன். கோவைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். கோபியில் வண்டி மாறி அவிநாசி தாண்டும்வரை பல்லைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள், “ஏனுங்க, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று கேட்டார். கோபம் என்று சொன்னேன்.

கோபம் என் தங்கை மகன் இப்ராஹிம்மேல். தகப்பன் இறந்தபின் அத்தர் கடையும் வீடும் அவன் பொறுப்பு. அவன் தங்கை அனிசாவுக்குக் கல்லூரியில் வேதியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. போகக்கூடாது என்றுவிட்டான்.

கோவையில் டவுன் பஸ் பிடித்து உக்கடத்தில் இறங்கி நடந்தால் தெருமுனையில் போலீஸ் சாவடி. பையைக் கிளறினார்கள். பெயரைக் கேட்டதும் மறுபடி கிளறினார்கள். அந்த எரிச்சலோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

இப்ராஹிம் மரியாதையாக நாற்காலி போட்டான். பேச்செல்லாம் அவன் படிக்கும் சிந்தனையாளரைப் பற்றித்தான். எகிப்துக்காரர், கல்வி இலாகாவில் இருந்தவர், அமெரிக்கா போய் அந்நாட்டை வெறுத்துத் திரும்பியவர், சிறையில் எழுதியவர். தூக்கிலிட்டார்கள் என்றபோது அவன் கண் கலங்கியது. எனக்கும் மனம் இளகியது. எழுதியவனைத் தூக்கில் போடுவது அக்கிரமம்தான்.

“இப்ப நடக்கறது பூராவும், இஸ்லாம் வர்றதுக்கு முந்தி இருந்தாப்பல, அறியாமைக் காலமுங்க பெரியம்மா. நம்ம ஊடும் சேத்தித்தானுங்க.”

“அந்த மனுசன் படிச்சதாலதானே எழுதுனாரு? நீ படிச்சதாலதானே பேசறே? அனிசா மட்டும் ஏன் படிக்கக்கூடாது?”

அவன் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். காலமான தன் அத்தாவே தர்காவுக்குப் போய்வந்ததால் சரியான முஸ்லிம் இல்லை என்றான். அதைக் கேட்டதும் சமையலறையிலிருந்து என் தங்கை வெளியே வந்தாள்.

“அக்கா, இவளெ இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க.”

இப்ராஹிம் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். கிளம்பும்வரை திரும்பவில்லை.

சாவடியில் அனிசாவின் மதிப்பெண் சான்றிதழ்களை உதறிப் பார்த்தார் ஒரு காவலர். எந்த இயக்கத்துக்கு ஓடுகிறாய் என்று கேட்டார். வீட்டில் அவள் படிக்கக்கூடாதவள்; தெருவில் படித்தாலும் சந்தேகத்துக்குரியவள். தரையில் விழுந்த தாள்களை இருவரும் குனிந்து பொறுக்கினோம்.

காந்திபுரத்தில் பஸ் கிளம்பிய பிறகு, எங்கள் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இப்ராஹிம்மேலும் காவலர்மேலும் இருந்த கோபத்தில் சொல் வெடுக்கென்று வந்தது. கோபம் தன்மேல்தான் என்று நினைத்துவிட்டாள்.

“மன்னிச்சுக்குங்க பெரியம்மா,” என்றாள்.