நான் கொண்டுபோன கடிதம்

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கண்டியில் இரும்புக்கடை போட்டேன். பிலிமத்தலாவையில் இன்னொன்று. தோட்டப் பாடசாலைக்கு இரண்டு மாடி எழுப்பினேன். லொறி ஏறாத மேட்டுக்குச் சீமெந்து மூட்டைகளை ஆள் வைத்துச் சுமந்தோம், நானும் சுமந்தேன்.

கடை அனுமதியோ மின்சாரமோ, எதற்கும் முதலில் எம்.பி. வீட்டுக்குத்தான் போவேன். அவர் கடிதத்தோடு போனால் அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு உட்கார வைப்பார்கள். வெறுங்கையோடு போனால் நாளைக்கு வா என்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் வழி.

அந்தப் பாடசாலையை நடத்தும் அதிபர் டீச்சர், கொழுந்து பறித்தவரின் மகள். கோட்டக் கல்விப் பணிப்பாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். வயதெல்லைப்படி அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. அவரிடம் சொல்லாமல் எம்.பி.யிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி, நானே கல்விக் கந்தோரில் கொடுத்தேன்.

பதவி வேறொருவருக்குப் போனது. காரணம் சொல்லவில்லை. எனக்குக் கொதித்தது.

"மூடி மறைக்கிறாங்க டீச்சர். நான் விடமாட்டேன்."

"வேணாங்க ஐயா. எனக்கு ஸ்கூல் புள்ளைக போதும்."

கேட்பேனா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிப் போட்டேன். பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். விண்ணப்பித்தவர்களின் புள்ளிகளையும் காரணத்தையும் எல்லாரும் பார்க்கக் கந்தோர் அறிவித்தல் பலகையில் ஒட்டவைத்தேன். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன். புள்ளிப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். எதிரே ஒரு வரி: 'அரசியல் சிபாரிசுக் கடிதம் கிடைத்ததால் நிராகரிக்கப்பட்டார்.' விண்ணப்பப் படிவத்திலேயே அந்த விதி இருந்ததாம். நான் படிவத்தைப் பார்த்ததே இல்லை.

"ஐயா கேட்டீங்க, ஒட்டிட்டோம். சந்தோசமா?" என்று சிரித்தார் கிளாக்கர்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நான் யாருகிட்டயும் போய் நிக்கலைங்க ஐயா. ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

நான் கொடுத்த கடிதம் என்று சொல்லாமலே வாசலுக்கு நடந்தேன். அவர் தனியாகவே பஸ் ஏறிப் போனார்.

"எம்.பி.யப் புடிச்சும் டீச்சருக்குக் கெடைக்கலையாம்" என்று என் கடை வாசலிலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள். டீச்சர் இப்போது கோயில் திருவிழாவுக்கும் வருவதில்லை.

கந்தோர்க்காரர்களே, நீங்கள் ஒட்டியது பாதி உண்மைதான். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கியவன் நான், கொண்டுவந்து கொடுத்தவன் நான், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அதே பலகையில் எழுதி ஒட்டுங்கள். அந்த வேலை முழுக்க என்னுடையது. என் பெயரில் போடுங்கள்.