வெள்ளையாகிப் போன செம்மண் சாலை

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கடைக்குக் கணினி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பத்தில், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் என்பதை மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். பால் கறை படிந்த நகங்களைப் பார்த்ததுமே அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துவிட்டது. பத்திரிகையின் பின்பக்கம் வழி போட்டுத் தர வேண்டும் என்றார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பத்து காஜா டவுன் ஆளுங்க தங்கச்சி. தனி பஸ் புடிச்சு வாராங்க. நம்ம தோட்டத்துக் கோயிலுக்கு வழி தேடிக்கிட்டு நிக்கக்கூடாது லா.”

அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். தார்ச்சாலைகள் தடித்த கறுப்புக் கோடு. மூன்றாவது சிம்பாங்கில், அதாவது சாலைச் சந்திப்பில், பிரிந்து கோயிலுக்குப் போகும் செம்மண் சாலை மெல்லிய சாம்பல் கோடு. திரையில் பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் அச்சுக்கு அந்தக் கோட்டுப்படம் அப்படியே ஆகாது. அதைப் புள்ளிகளாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை. சாம்பல் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் கணினி அதை வெள்ளையில் தள்ளிவிடும்.

மாற்றி முடித்தபோது செம்மண் சாலையைக் காணோம். கோயில் மட்டும் தனியாக நின்றது. மூன்றாவதுக்கு அடுத்த சிம்பாங்கில் திரும்பும் தார்ச்சாலைதான் கோயிலுக்குப் போவது போலத் தெரிந்தது.

கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, நன்றாகவே பார்த்தேன். கோட்டைக் கறுப்பாக்கி மறுபடி மாற்ற அரை மணி நேரம் பிடிக்கும். தோழிகளோடு மத்தியானப் படத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். தோட்டத்துக் கல்யாணம்தானே, வழி தெரியாமல் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். லயத்தில் பிறந்த எனக்குத்தான் அப்படி நினைக்கத் தோன்றியது, பாருங்கள்.

மாதிரித் தாளை வாங்கியவர் மகளின் பெயரைத்தான் விரல் வைத்துப் படித்தார். வரைபடத்தை ஒரு தரம் பார்த்து, “கம்ப்யூட்டர்ல போட்டது, சரியாத்தானே இருக்கும்?” என்றார்.

“சரியாத்தான் இருக்கு அண்ணே,” என்றேன்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் அவர் திரும்பவும் வந்தார். மாப்பிள்ளை முன்னதாகவே காரில் வந்துவிட்டாராம். தாலியோடு அவருடைய அம்மா பஸ்ஸில். அந்த பஸ், பத்திரிகை வரைபடத்தை நம்பி அடுத்த சிம்பாங்கில் திரும்பி, பக்கத்துத் தோட்டத்து ஆற்றங்கரையில் போய் நின்றிருக்கிறது. வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் போய்விட்டது. நேரம் தவறிய பிறகுதான் தாலி ஏறியது.

“இருக்கிற தோட்டத்துக்கே வழி சொல்லத் தெரியல, இவரு வளத்த பொண்ணு எப்படி இருக்கும்னு சம்பந்தியம்மா எல்லார் முன்னாலயும் கேட்டுட்டாங்க. மகளுக்கு அங்க தினம் பேச்சுதான் தங்கச்சி.”

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார், இன்றோடு வேலை போயிற்று என்று முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நான்தான் சிம்பாங்க மாத்திச் சொல்லிட்டேன் போல. நீங்க எவ்வளவு அழகாப் போட்டுக் கொடுத்தீங்க. உங்க கடைக்குக் கெட்ட பேரு வந்துருக்குமோன்னு மனசு கேக்கல. அதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

தப்பு எங்களுடையது என்று கடைத் தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். சம்பந்தி வீட்டில் அதைக் காட்டித் தலை நிமிர்ந்திருப்பார், அந்தப் பெண்ணும் பேச்சு வாங்காமல் இருந்திருப்பாள். எழுதும் தாள் என் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது.

“பரவால்ல அண்ணே, யாருக்கும் வர்றதுதான்,” என்று அவரை மன்னித்து அனுப்பினேன்.