மெரிதாவில் இருந்து வந்த அஞ்சலி

நாங்கள் குடியேறிய இந்தப் பனி நகரத்தின் ஒரு அந்தத்தில், மில்லிக்கன் பக்கம், கார் ஓட்டுகிற தமிழரில் பலருக்கு ஸ்ரீதரன் அண்ணைதான் லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவர். எனக்கும் அவர்தான். பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு, "கண்ணாடியைப் பாரும், தோளுக்கு மேலாலையும் பாரும், பிறகு திருப்பும்" என்று பதறாமல் சொல்லுவார். காரை விட்டு இறங்கினாலும் அந்தக் குரல் மாறாது. எந்தப் பல் டொக்டரிடம் போகலாம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அறுபது தாண்டியபிறகு அவருக்கு மெக்சிக்கோ ஆசை பிடித்தது. பனி கொட்டுகிற ஒரு மாரிகாலத்தில் ஒரு கிழமை கடற்கரை ஹொட்டலில் போய் நின்றுவிட்டு வந்தவர், பிறகு வேறு கதை கதைக்கவில்லை. பென்சன் எடுத்த வெள்ளைக்காரர் அங்கே குடியேறி யூடியூப்பில் போடுகிற வீடியோக்களை இருந்து பார்த்தார். மெரிதா என்ற பட்டினம் அவருக்குப் பிடித்துப்போனது. பனி இல்லை, வாடகை குறைவு, மாமரம் நிற்கிற வீடு. ஒரு மாணவனை இறக்கிவிட்டு அடுத்தவனை ஏற்றுவதற்கு இடையில் போனில் ஒரு ஆப்பை வைத்து ஸ்பானிஷ் படித்தார்.

அவருடைய மனைவி கமலாம்பிகை அக்கா ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்தவர். "ஒரு மாசம் போய் இருந்து பாத்திட்டு வருவம். பிறகு யோசிப்பம்" என்றார்.

"பாக்க என்ன கிடக்கு? எல்லாம் வீடியோவில பாத்தாச்சு."

பிரியாவிடைக்கு அவரிடம் கார் பழகியவர்கள் வாடகைக்கு ஹோல் எடுத்தார்கள். நானும் போனேன். பொன்னாடை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள். அவரோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்திய ஜஸ்ரின் மைக்கில் பேசத் தொடங்கி, பேச முடியாமல் இறங்கிவிட்டார். ஸ்ரீதரன் அண்ணை மைக்கை வாங்கி, "இஞ்சை கிடந்து பனி அள்ளாதேங்கோ. நான் போய் இடம் பாத்து வைக்கிறன், ஒவ்வொருத்தரா வாங்கோ" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

மெரிதாவில் அவர்கள் போய் இறங்கியது சித்திரை வெயிலில். காலைச் சாப்பாடு முடிவதற்குள் வெளியே கால் வைக்க முடியாத சூடு. போனில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த பெண் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அவருக்காகக் காத்திருப்பாள். கடைக்காரர் காத்திருக்கவில்லை. அண்ணை எதையாவது சுட்டிக் காட்டிச் சிரித்துவிட்டு வருவார். அக்காதான் சந்தைக்குப் போய்க் கைப்பாஷையில் தேங்காயும் பச்சைமிளகாயும் மல்லியிலையும் வாங்கிவந்தார்.

ஒருநாள் காலை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழும்ப முடியவில்லை. அண்ணை அவசர நம்பரை அடித்தார். அந்தப் பக்கம் ஒரு குரல் ஸ்பானிஷில் கேள்வி கேட்டது. திருப்பித் திருப்பிக் கேட்டது. அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

எதிர்வீட்டு மரியோ கார் கழுவிக்கொண்டு நின்றான். அவன் முன்னால் போய் நின்ற அண்ணையின் வாயில் போன் படிப்பித்த ஒரேயொரு வசனம்தான் வந்தது. "எல் நின்யோ கோமே உனா மன்சானா." பையன் ஒரு அப்பிள் சாப்பிடுகிறான். மரியோ சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அண்ணை அவன் சேர்ட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

அம்புலன்சைக் கூப்பிட்டது மரியோ. கூட வந்ததும் அவன்தான். ஆஸ்பத்திரியில் அக்கா என்னென்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை என்று தெரியும், பெயர் தெரியாது. போன் வீட்டில். வலியோடு கிடந்த அக்காதான் குளிசையின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். அண்ணை சுவரோரம் நின்றார். மரியோ அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான். "அந்தக் கையைத்தான் என்னால தாங்கேலாமல் போச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இடுப்பெலும்பில் வெடிப்பு. பயணம் செய்யலாம் என்று டொக்டர் சொன்ன உடனேயே திரும்பிவிட்டார்கள். மரியோவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

பொன்னாடை போர்த்திய சனத்தின் முகத்தில் விழிக்க முடியாது என்று மில்லிக்கனுக்கு அவர் போகவில்லை. நகரத்தின் மற்ற அந்தத்தில், ரெக்ஸ்டேலில், அக்காவின் சித்தி மகளுடைய வீட்டு நிலத்தடி பேஸ்மென்றில் இருந்தார்கள். "கொஞ்ச நாளைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் கோடையைத் தாண்டி, இலை கொட்டி, பனியும் வந்துவிட்டது. தமிழ்க் கடைக்குப் போகமாட்டார், பஞ்சாபிக் கடையில் சாமான் வாங்குவார். வெளியே போனால் தொப்பியை இழுத்து விட்டுக்கொள்வார்.

போன் மட்டும் ஓயவில்லை. மெக்சிக்கோ போக விரும்புகிறவர்கள் எல்லாம், அவர் இன்னும் அங்கேதான் என்று நினைத்து, வட்ஸ்அப்பில் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள். அதிகம் கேட்டவன் வாகீசன். அவரிடம் கார் பழகியவன், லொறி ஓட்டுகிறவன், நெஞ்சு வருத்தத்துக்கு ஸ்டென்ட் வைத்தவன்.

"அண்ணை, ஆஸ்பத்திரி எல்லாம் எப்பிடி?"

"முதல்தரம். எல்லாரும் இங்கிலிஷ் கதைப்பினம். நீர் பயப்பிடாமல் வாரும்."

"அதென்ன சத்தம்?"

பனி தள்ளுகிற வண்டி ஜன்னலோரம் போனது. "ரோட்டுப் போடுறாங்கள்" என்றார். குசினியில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் போனோடு மற்ற அறைக்குள் போய்விட்டார்.

தை மாதம் ஜஸ்ரின் திடீரென்று செத்துப்போனார். மாரடைப்பு.

அண்ணை அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. போகலாம் என்று அக்கா சொன்னார். அவர் கம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தார். நாலு வரி எழுதி வாகீசனுக்கு அனுப்பிவிட்டு, உடல் பார்வைக்கு வைத்திருந்ததை கம்பியூட்டரில் நேரலையாகப் பார்த்தார். வாகீசன் மைக்குக்கு வந்தான். "மெக்சிக்கோவில இருந்து வரேலாமல் தவிக்கிற எங்கட ஸ்ரீதரன் அண்ணையின்ர அஞ்சலி" என்று வாசிக்கத் தொடங்கினான். பாதியில் அழுதான். முன்வரிசையில் ஜஸ்ரினின் மகள் ஸ்டெபனி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணை கம்பியூட்டரைப் படீரென்று மூடினார்.

"நாளைக்கு அடக்கத்துக்கு நான் போறன்" என்றார் அக்கா. "நீங்கள் மெக்சிக்கோவிலேயே இருங்கோ."

"நீ போனால் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே."

"தெரியட்டும். நான் விழுந்ததுக்கு எனக்கு வெக்கமில்லை. உங்களோட சேந்து ஒளிச்சிருக்கிறதுதான் எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அடுத்தநாள் அண்ணைதான் அக்காவைக் காரில் இறுதிச்சடங்கு மண்டப வாசலில் கொண்டுபோய் விட்டார். இறங்கவில்லை. அக்கா ஊன்றுகோலோடு பனியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனார். அண்ணை காருக்குள் இருந்து போனில் நேரலையைப் பார்த்தார். அக்கா கதிரை வரிசைகளின் நடுவால் நடந்து வருகிறார், சனம் ஒவ்வொன்றாகத் திரும்புகிறது, எழும்புகிறது, ஒருவர் காதில் ஒருவர் கதைக்கிறது. நானும் அங்கே இருந்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கொஞ்சத்தில் வாகீசன், அண்ணை எங்கே என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு, கோட்டும் போடாமல் வெளியே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான். கதவைத் திறந்து பக்கத்து சீற்றில் இருந்தான்.

"எப்ப வந்தனீங்கள் அண்ணை?"

பொய் வாய் வரைக்கும் வந்தது என்று அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். நேற்றிரவு பிளைட்டில் என்று சொல்லிவிடலாம்.

"ஆனி மாசம்" என்றார்.

வாகீசன் அவர் பக்கம் திரும்பினான். "ஆனியில இருந்து இஞ்சையோ? அப்ப நான் கேட்டதுக்கெல்லாம்..."

"யூடியூப்பைப் பாத்துச் சொன்னனான்."

"நான் அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணுறன் அண்ணை. எனக்கு நெஞ்சு வருத்தம் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அண்ணை ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். குளியலறை, அப்பிள், மரியோ, குளிசை. சொல்லி முடித்தபிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. "முதல்ல ஒரு மாசம் போய் இரும். வெயில் காலத்தில போம், அப்பதான் உண்மை தெரியும். படத்தைப் பாத்து வீடு எடுக்காதையும். இஞ்சை இருக்கிற வீட்டை விடாதையும். நெஞ்சு நோகுது, மூச்சு விடேலாமல் கிடக்கு எண்டு சொல்ல முதல்ல பழகும், அப்பிளைப் பிறகு பாப்பம். இருக்கிற வருத்தத்துக்கும் சேத்து இன்சூரன்ஸ் எடும். குளிசைகளின்ர பெயரை ஸ்பானிஷில எழுதிச் சேர்ட் பொக்கற்றில வையும், துர்க்காவின்ர கைப்பையிலயும் ஒண்டு வையும். போய் இறங்கினதும் பக்கத்து வீட்டுக்காரரோட பழகும்."

துர்க்கா வாகீசனின் மனைவி. அந்தப் பெயரைக் கேட்டதும் வாகீசனுக்குப் பொறுக்கவில்லை, கதவைத் திறந்தான். "இதை ஆனியில சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றான். "நான் எல்லாருக்கும் முன்னால அழுதுகொண்டு வாசிச்சனான்."

அவன் போனபிறகு அண்ணை இறங்கினார். உள்ளே வந்து அனுதாபம் சொல்கிற வரிசையில் நின்றார். ஸ்டெபனி அவரைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். "அங்கிள், இவ்வளவு தூரம் வந்தீங்களா? அப்பா ரொம்ப ஹாப்பியா இருப்பார்."

பக்கத்தில் நின்ற எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"நான் ரெக்ஸ்டேலில இருந்துதான் வாறன் பிள்ளை" என்றார். "கன நாளா இஞ்சைதான் இருக்கிறன். அப்பாவை வந்து பாத்திருக்கலாம். வெக்கத்தில வரேல்லை."

கையை விட்டாள். பிறகு அடுத்தவரிடம் திரும்பினாள்.

வாகீசன் வீட்டைக் காலி பண்ணவில்லை. வைகாசியில் துர்க்காவோடு மெரிதாவுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தான். குடியேற மாட்டானாம், மாரிக்கு மட்டும் போவானாம். இதை அவன் அண்ணையிடம் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அண்ணை குளிசைப் பெயர்கள் எழுதிக்கொண்டு போனானா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

இப்போது ரெக்ஸ்டேலில் மறுபடி கார் பழக்குகிறார். அங்கே ஒருவருக்கும் அவரைத் தெரியாது. மில்லிக்கனுக்கு வர வேண்டிய நாட்களில் வருகிறார், ஆனால் யாராவது தூரத்தில் கையைக் காட்டினால் முதலில் அவர் முகம் சிவக்கிறது, பிறகுதான் கை உயர்கிறது.