இடைநிலை டிரம்பெட்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் இசைக்கருவிக் கடையின் வாசலில், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்கச் சொன்னவர் எங்கள் பள்ளியின் இசை டீச்சர். உள்ளே மூன்று டிரம்பெட்டுகளில் ஒரே மெட்டை அவர் மாற்றி மாற்றி ஊத, எது நன்றாகக் கேட்கிறதோ அதற்கு நான் கையைத் தூக்க வேண்டும். பக்கத்துப் பூக்கடை அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. அதைச் சொன்னதற்கு டீச்சர், "அதுக்குத்தான் சார் உங்களக் கூட்டிட்டு வந்தேன். ஊதுறவங்க காதுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தூர நிக்கிறவங்கதான் சொல்லணும்" என்றார். இரண்டாவதாக வந்ததற்குக் கையைத் தூக்கினேன். வரிசையை மாற்றி ஊதினார். இந்த முறை கடைசியாக வந்ததற்குத் தூக்கினேன். இரண்டும் ஒரே கருவிதான்.

அதற்கு முன்பே அவர் அதைச் சோதித்து முடித்திருந்தார். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த தன் சொந்த ஊதுவாயைத்தான் கடைக்காரர் எடுத்துவைத்த நான்கு கருவிகளிலும் மாட்டினார். வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்தி விரலை எடுத்தார். துள்ளி மேலே வராமல் தயங்கிய ஒன்றை ஓரமாக வைத்தார். கீழ் ஸ்வரத்தை மெல்ல ஊதினால் உடனே பேசுகிறதா, ஓங்கி ஊதினால் பிளிறுகிறதா என்று பார்த்தார். பளபளப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது மங்கலாகத்தான் இருந்தது. கடைக்காரர் அதை 'இன்டர்மீடியட்' என்றார். கற்றுக்குட்டிக்கும் தொழில்முறைக் கலைஞருக்கும் நடுவிலுள்ள தரம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு டீச்சர் பெயரில் விண்ணப்பக் கடிதம் எழுதியது நான். தமிழாசிரியன் அல்லவா, 'இன்டர்மீடியட்' என்று எழுதக் கை கூசியது. 'இடைநிலை டிரம்பெட் இரண்டு தேவை' என்று எழுதி, என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன். இந்த நாட்டில் இடைநிலை என்றால் யாருக்கும் ஒரே ஒரு நினைவுதான் வரும்: ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் போகும் இடைநிலைப்பள்ளி. எனக்கு அது உறைக்கவே இல்லை.

சங்கத் தலைவருக்கு உறைத்தது. தெலுக் பங்லிமா காராங்கில் லோரிகள் ஓட்டுகிறவர், பள்ளி மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்தவர். டீச்சர் வராத ஒரு கூட்டத்தில் கடிதத்தைப் படித்துவிட்டு, "நம்மது ஆரம்பப்பள்ளி லா. இடைநிலைப்பள்ளி டிரம்பெட் நமக்கு எதுக்கு? டீச்சருக்கு அதுகூடத் தெரியலையா?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் எழுந்து ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். எழவில்லை.

அடுத்த மாதம் நான்கு டிரம்பெட்டுகள் வந்தன. ஊதிப் பார்க்காமல், இணையத்தில் படத்தைப் பார்த்துத் தலைவர் மலிவாக வாங்கியவை. பழைய லோரி ஒன்றை வாங்கினால் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் இந்த மனிதர் கையெழுத்துப் போடுவாரா? பிள்ளைகள் ஊதும் கருவிக்கு மட்டும் பளபளப்பு போதுமாம். ஒப்படைக்கும் விழாவில் தலைவருக்கு மாலை, புகைப்படம் எல்லாம் தடபுடலாக நடந்தன. மூன்றாம் நாளே ஒன்றில் வால்வு சிக்கிக்கொண்டது. மற்ற மூன்றும் ஆளுக்கொரு சுருதியில் போயின. பிள்ளைகள் கன்னம் சிவக்கச் சிவக்க ஊதினார்கள். மாவட்டப் போட்டியில் முதல் பாட்டு முடியும் முன்பே அரங்கில் சிரிப்புக் கேட்டது. முன்வரிசையில் நின்ற பெண்பிள்ளை டிரம்பெட்டை இறக்கிவிட்டு அழுதாள். 

பெற்றோர் முன்னிலையில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. கருவி சரியில்லை என்றார் டீச்சர். அப்படியானால் ஊதிக் காட்டுங்கள் என்று அந்த டிரம்பெட்டுகளில் ஒன்றைத் தலைவர் நீட்டினார். டீச்சர் வாங்கி ஊதினார். சுத்தமாக வந்தது. தேவாலயத்தில் சிறுவயது முதல் ஊதியவர். வழுக்கும் ஸ்வரத்தை உதட்டாலேயே இழுத்து நிறுத்தத் தெரிந்தவர். வேண்டுமென்றே கெடுத்து ஊத அவருக்கு வரவில்லை.

"பார்த்தீங்களா, நல்லாத்தானே இருக்கு. சொல்லிக்கொடுக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்றார் தலைவர். பெற்றோர் கை தட்டினார்கள். அவர்கள் கேட்டது டிரம்பெட்டை அல்ல, டீச்சரின் உதட்டை. அவருடைய திறமையை வைத்தே அவரைத் திறமையில்லாதவர் ஆக்கிவிட்டார்கள். இதைவிடக் கேவலமான தீர்ப்பை நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டு இறுதியில் டீச்சர் செமினிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் பள்ளியில் அதன்பின் வாத்தியக் குழுவே இல்லை.

போன மாதம் ஒரு திருமணத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் தலைவரைத் திட்ட ஆரம்பித்து, கடைசியில் அந்தச் சொல்லுக்கு வந்தேன். இடைநிலை என்று எழுதியது என் தவறு, அதனால்தான் எல்லாம் வந்தது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு அந்தக் கதை முன்பே தெரிந்திருந்தது.

"வார்த்தைய விடுங்க சார், யாருக்கும் தப்பு வரும்" என்றார். பிறகு தட்டைப் பார்த்தபடி, "அவரு அப்படிக் கேட்டப்ப நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?" என்றார்.

இத்தனை வருடமும் நான் திட்டியது தலைவரை மட்டும்தான். "ஆமா டீச்சர், அங்கதான் இருந்தேன்" என்றேன். "எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன்."