வியாழக்கிழமை அறையில் குசுமா மிஸ்ஸி

எண் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. பல வருடம் பாடக்குறிப்பு எழுதிய பழக்கம். எங்கள் ஆஸ்பத்திரித் தாதி குசுமா மிஸ்ஸியைப் பற்றி நினைவு மலரில் எழுதும்படி ஆஸ்பத்திரி ஊழியர்கள் கேட்ட அன்று மாலையே, அவருடைய சாவு வீட்டுக்குப் போவதற்கு முன், ஒரு தாளில் இப்படி எழுதிவைத்தேன்:

1. செய்தி வந்த விதம்.
2. மிஸ்ஸியின் தமிழ்.
3. நமது தோட்டத்து இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம் மொழி. மிஸ்ஸியும் நானும் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தோம்.
4. செல்வக்குமாரின் விஷயம்.
5. மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

இந்த ஒழுங்கு கடைசி வரை நிற்குமா என்று தெரியவில்லை. உங்களில் பலர் அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, டிக்கோயாவில் என் மகள் வீட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்த ராஜமணி போன் செய்தார். குசுமா மிஸ்ஸி தவறிவிட்டார் என்றார். எந்தக் குசுமா என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த குசுமா ஒருவர்தான். கேட்டால் வேறு யாராவதாக இருக்கக்கூடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. "தம்பி மிஸ்ஸி, சேர்" என்றார் ராஜமணி.

அப்படித்தான் தேயிலைத் தோட்டங்களில் அவரைச் சொல்வார்கள். பட்டிப்பொலவில் உருளைக்கிழங்கு பயிரிடும் சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மருந்துக்கு வரிசையில் நின்ற நமது பெண்கள். ஆண் என்று வந்தவர்கள் எல்லோரும் அவருக்குத் தம்பிதான். ஓய்வு பெற்ற பெரிய கங்காணி ஒருவர் ஊசிக்குச் சட்டைக் கையைச் சுருட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றார். "தம்பிக்கு பயமா?" என்று கேட்டார் மிஸ்ஸி. வரிசையிலிருந்து ஒரு பெண், "மிஸ்ஸி, அந்தத் தம்பிக்கு பேரனே கல்யாணம் கட்டிட்டான்" என்றாள். "பேரன் வந்தா அவரும் தம்பி தான். கைய நீட்டுங்க" என்றார் மிஸ்ஸி. கங்காணி சிரித்துவிட்டார். அதற்குள் ஊசி போட்டு முடிந்திருந்தது.

வியாழக்கிழமை பிற்பகலில் இளைஞர்களுக்கென்று தனியாக ஓர் அறை ஒதுக்கியது அவருடைய முயற்சி. காய்ச்சல், வெட்டுக்காயம் என்றால் நமது பிள்ளைகள் வருவார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்து உடல் உருகித் திரும்பியவர்கள், பரீட்சையில் தவறி லயத்து வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடப்பவர்கள், வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு திரியும் பெண் பிள்ளைகள், இவர்கள் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் அந்த அறை. முதல் மாதம் அதுவும் காலியாகவே கிடந்தது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைகளுக்கு டொக்டரோடு பேசும் அளவுக்குச் சிங்களம் வராது, அதுதான் காரணம் என்று நான் சொன்னேன். நான் அந்த வட்டாரப் பாடசாலையில் உப அதிபராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். இரண்டு மொழியும் தெரியும். டொக்டருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். அநேகமாக எல்லோரும் என் மாணவர்கள். என்னைக் கண்டதும் நெஞ்சுக்கு நேரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தலைவலி என்பார்கள். வயிற்று வலி என்பார்கள். நான் மொழிபெயர்ப்பேன். மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள்.

செல்வக்குமார் வந்தது அப்படி ஒரு வியாழக்கிழமையில். தோட்டத்தின் மேல் டிவிசன் பையன். கணிதத்தில் கெட்டிக்காரன். உயர்தரப் பரீட்சையில் இரண்டு முறை தவறியிருந்தான். அவனுடைய தந்தை எங்கள் கோயில் கமிட்டியில் தலைவர், நான் செயலாளர். டொக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். செல்வக்குமார் தரையைப் பார்த்தபடி, "தூக்கமே இல்ல சேர். இருந்து என்னத்துக்குன்னு தோணுது" என்றான்.

அந்த வாசகத்தைச் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. தலைவலியாம், படித்துக் களைத்திருக்கிறானாம், தூக்கம் குறைவாம் என்று சொன்னேன். அது வைத்தியத் துண்டில் எழுதப்படும், துண்டு நாலு கை மாறும், லயத்துக்குத் தெரிந்துவிடும், தந்தை தலை நிமிர்ந்து கோயிலுக்கு வரமாட்டார் என்று எண்ணினேன். நம் பிள்ளையைப் பற்றி ஒரு வெளியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் எண்ணினேன். இவ்வளவையும் எண்ணுவதற்கு எனக்கு ஒரு நொடிதான் எடுத்தது. டொக்டர் தலைவலி மாத்திரை எழுதினார். வாசலில் பிரஷர் பார்க்கும் கருவியோடு மிஸ்ஸி நின்றிருந்தார்.

அவன் போனதும் அவர் என்னை மருந்து கட்டும் அறைப் பக்கம் கூப்பிட்டார். "சேர், அவர் சொன்னது அது இல்ல தானே" என்றார்.

பையனுடைய நன்மைக்காகத்தான் என்று நான் சொன்னேன்.

"அவர் சொன்னத மட்டும் சொல்லுங்க சேர். மறைக்க வேணும்னா அவர் மறைப்பார்."

எனக்குத் தெரிந்து அவர் கடிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அடுத்த வியாழன் செல்வக்குமார் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வியாழன் நாலு மணிக்கு மிஸ்ஸி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேல் டிவிசனுக்குப் பஸ் கிடையாது, தேயிலைக்குள் ஏறிப் போகும் குறுக்குப் பாதைதான். வழி காட்ட நானும் வருகிறேன் என்றேன். "மழை சேர். நீங்க வர வேணாம்" என்றார். என் முழங்கால் வலியை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போகாமல் இருக்க முடிந்ததில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அவர் தனியாக ஏறினார். மறுநாள் முதல் பஸ்ஸில் செல்வக்குமாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மனநல டொக்டர் பார்த்து முடிக்கும் வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய விடுமுறை நாள். ஒரு வாரம் பிந்தியிருந்தால் பையன் இருந்திருக்க மாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அதன் பிறகு, உடம்புக்கும் மனதுக்கும் வேண்டிய தமிழ்ச் சொற்களை எழுதித் தரும்படி மிஸ்ஸி என்னிடம் கேட்டார். ஒரு கொப்பி நிறைய, சிங்கள எழுத்தில் உச்சரிப்போடு, தலைப்பு வாரியாக எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை அறையை அவரே பார்த்துக்கொண்டார். தேவைப்பட்டவர்களை அவரே டொக்டரிடம் அழைத்துப் போனார். என் நாற்காலியை முன்மண்டபத்தில் வயதானவர்களுக்கு உதவியாகப் போட்டார்கள். சில மாதங்களில் அந்த அறையின் வாசலில் பெஞ்சு போதாமல் போயிற்று. என் கொப்பி வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஏழு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை ஹட்டனில் ரயில் ஏறிப் பட்டிப்பொலவுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை பாதையின் இரு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். பனியில் கொடியும் தெரியவில்லை, கிழங்குத் தோட்டமும் தெரியவில்லை. பெட்டிக்குள் அவர் மிகவும் சிறியவராக இருந்தார். சிறுநீரக நோய் அவ்வளவு உருக்கியிருந்தது. ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். சிங்களம் நன்றாகத் தெரிந்த எனக்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

முற்றத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வக்குமார். இப்போது தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கிறார். மனைவி, ஒரு குழந்தை. இங்கே எழுதுவதெல்லாம் அவர் அனுமதியோடுதான். பெயரையும் மாற்ற வேண்டாம் என்றார்.

பேச்சு எப்படியோ கொப்பிக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லிப் பெருமைப்பட நினைத்தேன் என்பதுதான் உண்மை. அவர் சிரித்தார்.

"அந்தக் கொப்பியா சேர்? மிஸ்ஸி மேச லாச்சியில பத்திரமா வச்சிருந்தாங்க. நான் எத்தன தடவ போயிருக்கேன், ஒரு நாளும் தொறந்ததில்ல. நான் சொன்னதுல பாதி அவங்களுக்கு வெளங்கல. வெளங்கலன்னா திரும்பக் கேப்பாங்க. நானும் திரும்பச் சொல்வேன்."

பிறகு எப்படி மனம் திறந்து பேசினாய் என்று கேட்டேன். அவர் பெட்டி இருந்த பக்கம் பார்த்தார்.

"அவங்களுக்கு எங்கப்பாவத் தெரியாதே சேர்" என்றார். பிறகு, "அன்னைக்கு மழையில நீங்களும் வந்திருந்தா, அப்பா நாக்காலி போட்டு, தேத்தண்ணி குடுத்து, நீங்க ரெண்டு பேரும் என் மார்க்கப் பத்திப் பேசியிருப்பீங்க. நான் பின்பக்கமா எறங்கிப் போயிருப்பேன். மிஸ்ஸிக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

மிஸ்ஸி என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. நாற்காலியை வெளியே போட்டபோதும், கொப்பி கேட்டபோதும், தான் ஓய்வு பெற்று விடைபெற்ற நாளிலும் சொல்லவில்லை. என்னைப் புண்படுத்தாமல் வெளியேற்ற ஒரு கொப்பி அளவு வேலை கொடுத்திருக்கிறார். அவரிடம் நன்றி சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ இனி இடமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வாசகம்: அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்க. இந்தக் கட்டுரையை அதன்படி எழுத முயன்றிருக்கிறேன்.

ஆகவே மூன்றாம் எண்ணில் எழுதியது பிழை. நமது பிள்ளைகள் வந்தும் மனம் திறக்காமல் இருந்தது மொழி தெரியாததால் அல்ல. அறைக்குள் நான் இருந்தேன்.